காப்புக் கட்டினவருக்குப் பால் பலகாரம்

ஒரே குழம்பை இரண்டு நாள் சேர்ந்தாற்போல வைத்தால் எனக்கு அடுப்பின் மேலேயே கோபம் வரும். அதற்காக எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்னைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. முட்டைக்கோசைப் பொடியாக அரிந்து பருப்போடு சேர்த்து வடை தட்டியிருக்கிறேன். பீட்ரூட் இலையைக் கடைந்து கீரை என்று சோற்றில் ஊற்றியிருக்கிறேன். "நாகு, இன்னிக்கு என்ன பரீட்சை?" என்று என் வீட்டுக்காரர் வீரய்யா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைக்கும் முன்பே கேட்பார். கேட்டுவிட்டு, வைத்ததை வழித்துச் சாப்பிட்டுவிடுவார். மகள் வடிவுக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் மூக்கைச் சுளிக்கிறது அவள் ஒருத்திதான்.

இந்தப் புத்தி என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஐம்பத்தைந்தாம் வருசம், பங்குனித் திருவிழா. நான் செய்து கொடுத்த ஒரு பலகாரத்தால் என் புருசன் நெருப்பில் வெந்துபோவார் என்று காலை பத்து மணியிலிருந்து சாயந்தரம் வரைக்கும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

அந்தத் தை மாதம் வடிவுக்கு அம்மை போட்டது. சாதாரண அம்மை இல்லை. கண் இமை கூடத் திறக்க முடியாமல் பதினொரு நாள் வேப்பிலையில் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் தண்ணீர் கேட்டாள். அன்றைக்கே வீரய்யா கோயில் வாசலில் போய் நின்று, "பூக்குழி எறங்குறேன் ஆத்தா" என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே. அங்கே பூக்குழி இறங்குகிறவர்கள் எட்டு நாள் முன்னாலேயே கையில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த எட்டு நாளும் கோயில் பந்தலில்தான் படுக்கை. வீட்டுக்கு வரக்கூடாது. ஒரு நேரச் சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து போகும். பெண்டாட்டி விடியற்காலை அந்தக் குளிரில் தலைக்குக் குளித்து, புதுச் சட்டியில் சமைத்து, யாரையும் தொடாமல் கொண்டுபோய்ப் பந்தல் ஓரத்தில் வைத்துவிட்டு வரவேண்டும். மீன், இறைச்சி, முட்டை, கருவாடு எதுவும் வீட்டுப் பக்கமே வரக்கூடாது. கடைசி நாள் சோறும் கிடையாது. பாலும் பழமும்தான். இதில் எங்காவது சுத்தம் கெட்டால் நெருப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நம்பாமல் என்ன செய்வது? முந்தின வருசம் எங்கள் கண் முன்னாலேயே நடந்ததே. எங்கள் லயத்துக் கடைசி வீட்டில், கடைசிக் காம்பராவில் இருக்கிற அழகன் மாமா பூக்குழியில் இறங்கினார். பாதி வழியில் நின்றார். திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்துக்குள் இடது கால் வெந்துவிட்டது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, இரண்டு விரல் இல்லாமல் திரும்பி வந்தார். அதற்கப்புறம் மலையில் ஏற முடியவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தைக் கூட்டுகிற வேலையைத்தான் கொடுத்தார்கள். அவர் பெண்டாட்டி காளியாயி நோன்பு வீட்டில் கருவாடு பொரித்தாள், அதனால்தான் இப்படி ஆனது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அன்றிலிருந்து அவள் கையால் ஒரு வெற்றிலை கூட யாரும் வாங்கவில்லை. பீலிக்கரையில் அவள் தண்ணீர் பிடிக்கும்போது மற்றவர்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். நானும் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தப் பேச்சில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏழாம் நாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது வீரய்யாவுக்குக் கண் குழிவிழுந்து போயிருந்தது. கொஞ்சம் தள்ளி நின்றபடியே, "கால் நடுங்குது நாகு" என்றார். அவர் அப்படிச் சொல்லுகிற ஆள் இல்லை. நாளைக்கு வெறும் பாலைக் குடித்துவிட்டு இந்த மனுசன் எப்படி நெருப்பில் நடப்பார்? பால் வயிற்றில் எவ்வளவு நேரம் நிற்கும்?

அப்போதுதான் எனக்குச் செல்லசாமி அண்ணன் கொடுத்தது ஞாபகம் வந்தது. செல்லசாமி என் பெரியம்மா மகன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையல். அங்கே என்ன செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று நான் போட்டு அரிப்பேன். அரிப்புத் தாங்காமல் மாசியில் ஒரு நாள் நாலைந்து தாள் கொடுத்தார். கண்ணாடி மாதிரி மெல்லிசாக, மடக்கினால் நொறுங்குகிற தாள். "இதத் தண்ணியில ஊறப்போட்டு, சுடு பால்ல கரைச்சிட்டு அப்புடியே வச்சிரு. தயிர விடக் கெட்டியா நிக்கும். துரைசாணிக்கு இதுன்னா உசிரு" என்றார். பங்களாவில் ஐஸ் பெட்டிக்குள் வைப்பார்களாம். எங்கள் லயத்துக் குளிருக்கு எதற்கு ஐஸ் பெட்டி?

ஹட்டன் டவுனில் ஒரு கடையில், கடலில் விளைகிற செடியிலிருந்து எடுக்கிற கடல்பாசி விற்பார்கள்; அதைப் போட்டாலும் பால் உறையும். பார்க்க இதே போலத்தான் இருக்கும். நான் இதையும் கடல்பாசி என்றே வைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சமையல் விசயத்தில் எனக்குத் தெரியாததா என்கிற திமிர்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் குளித்துவிட்டு, புதுச் சட்டியில் பாலைக் காய்ச்சி, சீனியும் ஏலக்காயும் போட்டு, அந்தத் தாளைக் கரைத்து, பீங்கான் தட்டில் ஊற்றிப் பின்பக்கத்து ஜன்னலோரம் மூடி வைத்தேன். விடிந்து பார்த்தால் நின்றிருந்தது. தட்டைச் சாய்த்தேன், சிந்தவில்லை. எனக்கு வந்த சந்தோசத்தில் வடிவை எழுப்பிக் காட்டினேன். ஆனால் தொடவிடவில்லை. முதலில் அப்பாவுக்கு என்று சொல்லிவிட்டேன்.

துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுபோய்ப் பந்தல் ஓரத்தில் வைத்தேன். வீரய்யா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணை விரித்தார்.

"என்ன புள்ள இது? வழுக்கிக்கிட்டுப் போகுது."

"பாலுதாங்க. பாலும் சீனியும்."

"பாலு எப்புடி நிக்குது?"

"நான் நிக்கச் சொன்னேன், நின்னுருச்சு."

எட்டு நாளில் அப்போதுதான் சிரித்தார். தட்டில் ஒன்று மிச்சம் வைக்கவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பத்து மணி இருக்கும். செல்லசாமி அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருவிழா பார்க்க வந்தார். நான் வாசலில் அந்தத் தட்டைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்க்காம்பரா ஆட்களெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

"என்ன தங்கச்சி, அந்தத் தாளு போட்டுச் செஞ்சு பாத்தியா?"

"செஞ்சேண்ணே. சும்மா கல்லாட்டம் நின்னுச்சு. இவருக்குத்தான் குடுத்தேன். பூராவும் சாப்பிட்டுட்டாரு."

அவர் முகம் வெளுத்துப்போனது. "யாருக்கு? காப்புக் கட்டின ஆளுக்கா?"

"பாலும் கடல்பாசியுந்தாண்ணே. அதுல என்ன?"

"கடல்பாசியா?" அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார். "அடிப்பாவி, அது மாட்டு எலும்புடி. எலும்பையும் தோலையும் போட்டுக் காய்ச்சி எடுக்கிறது. சீமையிலருந்து டின்னுல வருது. நீ என்னமோ சும்மா செஞ்சு பாக்கக் கேக்குறேன்னு நெனச்சேன்."

பங்களா அடுப்பில் பதினைந்து வருசம் நின்ற மனுசனுக்கு எது எதில் போகிறது என்பது பெரிய விசயமாகவே படாமல் போய்விட்டது. அவரைச் சொல்லி என்ன? கேட்காதவள் நான். கையிலிருந்த தட்டு கல்லில் விழுந்தது. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாட்டு எலும்பு. எட்டு நாள் வெங்காயம் கூடச் சேர்க்காமல் கிடந்த மனுசனுக்கு, கடைசி நாளில், என் கையால், சீனி போட்டு.

"எம் பேரை எங்கயும் சொல்லிறாத தாயி. கொன்னுபோடுவானுங்க" என்று செல்லசாமி அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். திருவிழா பார்க்கவில்லை.

நான் என்ன செய்வது? பூசாரியிடம் போய்ச் சொன்னால் எல்லார் முன்னாலும் காப்பை அறுத்துவிடுவார்கள். வேண்டுதல் பாதியில் நிற்கும். வடிவுக்கு உயிர் கொடுத்த ஆத்தா அதைத் திருப்பிக் கேட்டால்? சொல்லாவிட்டால் நாலு மணிக்கு அவர் கால் நெருப்பில். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து எனக்கு வாந்தி வந்தது. கொல்லைப் பக்கம் போய் எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

பந்தலில் காப்புக் கட்டின ஆறு பேரும் மஞ்சள் வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொம்பளை ஆள் உள்ளே போகக்கூடாது. வீரய்யா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வயிற்றைத் தட்டிக் காட்டி, நல்லா இருக்கிறேன் என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. திரும்பினேன்.

சுத்தம் கெட்டால் நெருப்பு சுடுமா என்று தெரிந்த ஆள் தோட்டத்தில் ஒருத்திதான் இருந்தாள். கால் தானாகவே கடைசிக் காம்பராவுக்குப் போனது.

காளியாயி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். ஒரு வருசமாக அந்த வாசலை யாரும் மிதிக்கவில்லை. பலகையைத் துடைத்துப் போட்டாள். கேட்காமலேயே உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் இருந்த இருப்பில் அதை வாங்கிக் குடித்துவிட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போன வருசம் நெசமாவே நீங்க கருவாடு பொரிச்சீங்களா?"

"ஒரு வருசமா இத எங்கிட்ட யாரும் கேக்கல புள்ள. எல்லாரும் சொல்லத்தான் செஞ்சாங்க." சுளகைக் கீழே வைத்தாள். "பொரிக்கல. எட்டு நாளா அந்த வாடையே இந்த வீட்டுல இல்ல."

"அப்ப மாமாவுக்கு ஏங்க்கா கால்..."

"நின்னுட்டாரு. நெருப்புல போய் நின்னா சுடாம என்ன செய்யும்? எறங்கப்போற நேரத்துல எவளோ சொன்னாளாம், கடைசிக் காம்பராவுலருந்து கருவாட்டு வாசம் வருதுன்னு. அது ஒவ்வொரு வாயா வந்து இவரு காதுல விழுந்துருச்சு. பாதி குழியில சந்தேகம் வந்து, நான் எங்க நிக்கிறேன்னு திரும்பிப் பாத்தாரு. அம்புட்டுத்தான். அவ யாருன்னு மட்டும் தெரிஞ்சா..."

அப்படிச் சொன்னவள் நான்தான். போன வருசம் குழியோரத்தில் நின்றபோது பூசாரி பெண்டாட்டி ராக்காயி, "என்னடி, கருவாட்டு வாசம் மாதிரி வருது?" என்று கேட்டாள். நான், "ஆமாங்க்கா, கடைசிக் காம்பராப் பக்கந்தான்" என்றேன். எனக்கு அன்றைக்கு மூக்கடைப்பு. ஒரு வாசமும் தெரியவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் காளியாயி என் முட்டைக்கோஸ் வடையைக் கடித்துப் பார்த்து, "இத மாடு கூடத் திங்காது" என்று பத்துப் பேர் முன்னால் சிரித்திருந்தாள். அந்த ஆத்திரம் மனசில் கிடந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

காளியாயியிடம் அந்த வாசலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் புருசன் பூக்குழியில் இறங்கப் போகிறார், இவள் வெளியே வந்து ஒரு சத்தம் போட்டால் போதும்.

காளியாயி என் முகத்தையே பார்த்தாள். "நீ ஏன் இத இன்னிக்கு வந்து கேக்குற? என்னத்தச் சமைச்ச?"

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாத. எனக்கு வேணாம். தம்பிகிட்டயும் சொல்லாத. சந்தேகத்தோட எறங்கினா நின்னுருவாரு. பயத்த நீ வச்சுக்கோ. அவருக்குக் குடுக்காத."

மூன்று மணிக்குக் கரகம் ஆற்றிலிருந்து வந்தது. தப்பு மேளத்தின் சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. பூக்குழி இருபதடி நீளம். மூன்று வண்டி விறகு எரிந்து தணலாகக் கிடந்தது. லேசாகத் தூறல் விழுந்து, விழுந்த இடத்திலெல்லாம் உஸ் உஸ் என்றது. நான் வடிவைக் கையில் பிடித்துக்கொண்டு குழியின் மறுமுனையில், நடந்து வந்து ஏறுகிற இடத்தில் நின்றேன். நான் இறுக்கிப் பிடித்த பிடியில், "கை வலிக்குதும்மா" என்று அவள் கையை உருவிக்கொண்டாள்.

பக்கத்தில் ராக்காயி. "ஒங்க வீட்டுல எல்லாம் சுத்தந்தான நாகு?" என்றாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆமாம் என்று சொன்னேனா, தலையை ஆட்டினேனா, இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

பூசாரி கரகத்தோடு நடந்து போனார். பின்னால் ஒருவர். இன்னொருவர். மூன்றாவது ஆள் ஓடியே போனார். நாலாவது வீரய்யா. குழியின் விளிம்பில் வந்து நின்று, எங்களைத் தேடினார்.

என் முகத்தை அவரிடமிருந்து மறைக்க எனக்குத் தெரியாது. குழம்பில் உப்புக் கூடிப்போனால் அவர் கையை வைக்கும் முன்பே என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். சிரித்துப் பார்த்தேன், உதடு கோணிக்கொண்டது. தலையைக் குனிந்தால் அதுவும் தப்பு. அவர் கண் கூட்டத்தில் ஒவ்வொரு ஆளாகத் தாண்டி என் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஆத்தா, என்னை எரித்துவிடு, அவரை விட்டுவிடு என்று மனசுக்குள் கத்தினேன்.

அப்போது என் முன்னால் ஒரு முதுகு வந்து நின்றது. காளியாயி. நல்ல உயரம் அவள். என்னை முழுசாக மறைத்துக்கொண்டு, வடிவை மட்டும் இழுத்துத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள். "இவ எதுக்கு முன்னால வர்றா?" என்று யாரோ சொன்னது கேட்டது. அவள் நகரவில்லை.

"தம்பீ! புள்ளையப் பாத்து நடங்க! நிக்காம நடங்க!"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சேலையின் நூல்தான் தெரிந்தது. கூட்டம் ஆத்தா, ஆத்தா என்று கத்தியது. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் சத்தம் நின்றுபோனது போல இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. குழி முடிகிற இடத்தில் பால் ஊற்றி வைத்திருந்த சின்னப் பள்ளத்தில் தொப்பென்று கால் விழுகிற சத்தம் கேட்டது. வடிவு, "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

நான் முண்டியடித்துக்கொண்டு போய் அவர் காலடியில் விழுந்தேன். எல்லாரும் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்தார்கள். நான் பாதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சாம்பல் ஒட்டியிருந்தது. ஒரு கொப்புளம் இல்லை.

ராக்காயி என் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சுத்தமான கையி! இந்தக் கை ஆக்கிப் போட்டதுனாலதான் தம்பி பூ மேல நடக்கிற மாதிரி நடந்துச்சு. இன்னொருத்தி நிக்கிறாளே, அவளுக்குந்தான் கை இருக்கு." வேறு இரண்டு பெண்களும் என் கையைத் தொட வந்தார்கள். வீரய்யா வடிவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தார். காளியாயி தலையைக் குனிந்துகொண்டு கோயில் மதிலோரம் ஒதுங்கினாள். அங்கே அழகன் மாமா அந்தக் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

என்னால் அந்தக் கையை அப்படி வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பலகாரத்தின் கதையைச் சொன்னால் வீரய்யா நடந்தது வீண் என்பார்கள், அதை என்னால் சொல்ல முடியாது. மற்றது என்னுடையது. அதற்கு யார் காப்பும் அறுபடாது.

"போன வருசம் கருவாட்டு வாசம் வரலங்க்கா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "எனக்கு அன்னிக்கு மூக்கடைப்பு. காளியாயி அக்கா மேல ஆத்திரத்துல சொன்னேன். பொய் சொன்னேன்."

தப்பு அடிக்கிறவன் கூடக் கையை நிறுத்திவிட்டான். ராக்காயி என் கையை விட்டுவிட்டாள். வீரய்யாவின் சிரிப்பு போய்விட்டது. அழகன் மாமா என்னைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காளியாயி என் பக்கம் வந்தாள். அடிப்பாள் என்று நின்றேன். அடித்தால் தேவலை என்று இருந்தது. அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் பேசினாள்.

"இதக் காலையிலயே சொல்லியிருந்தன்னா, நான் உன் முன்னால வந்து நின்னிருக்க மாட்டேன் நாகு."

"தெரியும்க்கா. அதனாலதான் சொல்லல."

அவள் மதிலோரம் போய் அழகன் மாமாவை எழுப்பி, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. அவர் நடைக்கு அவர்கள் அந்த வளைவைத் தாண்ட வெகுநேரம் ஆனது. நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.